நஞ்சராயன் குளத்திலிருந்து ராஜமலை வரை

திருப்பூரில் லீவு என்றால் ஞாயிறு ஒன்றுதான். ஷிப்மென்ட் நெருக்கினால் அதுவும் இல்லை. ஆகவே இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் பறவை பார்க்கும் பயணத்துக்கு ஒரு சனி இரவு, ஒரு ஞாயிறு, கேட்டு வாங்கிய ஒரு திங்கள், இவ்வளவு போதும். சனிக்கிழமை சம்பளம் போட்டு முடிந்ததும் பல்லடம், குடிமங்கலம் வழியாகக் கிளம்பி உடுமலையில் தங்கிவிடுங்கள். ஞாயிறு விடியும்போது சின்னாறு. திங்கள் காலை ராஜமலை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ராஜமலைக்குப் போனால் பறவைக்குப் பதில் மனிதர்களை எண்ணிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். சின்னாற்றுப் புதர்க்காட்டில் ஞாயிறன்றும் அந்த நெரிசல் இருக்காது. அங்கே இறங்கி நடப்பவர்களே குறைவு.

நம் ஊர் வேன்கள் சின்னாற்றில் செக்போஸ்ட்டுக்காக மட்டும்தான் நிற்கின்றன. இருபுறமும் முள்ளும் பாறையும் காய்ந்த புல்லும். "இதத்தான் நம்மூர்லயே பாக்கறமே" என்று ஒருவர் சொல்ல, வண்டி பச்சையைத் தேடி மேலே ஓடிவிடும். என் யோசனை இதற்கு நேர் எதிரானது. கிடைக்கிற நேரத்தில் பாதிக்கு மேல் அந்தக் காய்ந்த காட்டுக்கே கொடுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் குளம்

மலைக்குப் போவதற்கு முந்தைய வாரமே ஒரு காலைப்பொழுதை நஞ்சராயன் குளத்தில் கழித்துவிடுங்கள். ஊத்துக்குளி சாலையில் சர்க்கார் பெரியபாளையம் அருகே, சுமார் 126 ஹெக்டேர் பரப்பு. நல்லாற்று நீரில் நிரம்பும் பழைய பாசனக் குளம் இது. தமிழகத்தின் 17-வது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. சாயக்கழிவுக்குப் பெயர்போன ஒரு நகரத்தின் ஓரத்தில் உலக அளவில் மதிப்புள்ள ஈரநிலம் இருப்பதை வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. உள்ளூர்ப் பறவை ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் கரையில் நின்று எழுதிவைத்த பதிவேடுகள் இல்லாமல் இந்த அந்தஸ்து வந்திருக்காது.

குளத்துக்கு முதலில் போகச் சொல்வதற்குக் காரணம், அங்கே பறவைகள் பெரியவை, வெட்டவெளியில் நிற்பவை, அவசரமில்லாதவை. கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, நெடுங்கால் உள்ளான் எல்லாம் நீங்கள் கருவியைச் சரிசெய்யும்வரை பறந்துபோகாமல் இருக்கும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வரும். இமயமலையையே தாண்டிப் பறக்கும் வரித்தலை வாத்தும் இந்தக் குளத்தில் இறங்கியதுண்டு. பைனாகுலர் பிடிக்கப் பழக இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை.

பழகவேண்டியது ஒரே விஷயம்தான். பறவையைப் பார்த்தவுடன் தலையைக் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். கண் பறவை மீதே இருக்கட்டும். கை மட்டும் கருவியைத் தூக்கிக் கண்ணுக்குக் கொண்டு வரட்டும். குளத்தில் நாரையை வைத்து இதைப் பழகியவர் காட்டில் இலைக்குள் இருக்கும் சிட்டையும் பிடித்துவிடுவார். பழகாதவர் "எங்கண்ணா, எங்கண்ணா" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே பறவை அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். வாங்குவதாக இருந்தால் 8x42 என்று போட்ட கருவி போதும். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதற்கு, நாற்பத்திரண்டு என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். பத்து மடங்குக் கருவி கடையில் கவர்ச்சியாகத் தெரியும். காட்டில் கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். வலது கண்ணருகே சின்ன வளையம் ஒன்று இருக்கும். உங்கள் இரு கண்களுக்கும் உள்ள பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்டுவதற்கு அது. முதல் நாளே திருப்பி வைத்துவிட்டால் பிறகு அதைத் தொட வேண்டியதில்லை.

உடைக்குச் செலவு செய்யாதீர்கள். காதர்பேட்டையில் செகண்ட்ஸ் குவியலில் மங்கிய ஆலிவ், காக்கி, மண்நிற டீ-சர்ட்டுகள் சல்லிசாகக் கிடைக்கும். வெளிநாட்டில் ‘பேர்டிங் ஷர்ட்’ என்று பெயர் போட்டுக் கொள்ளை விலைக்கு விற்கிற சரக்கே நம் ஊரிலிருந்து போனதாக இருக்கலாம். வெள்ளையும் பளீர் மஞ்சளும் மட்டும் வேண்டாம். மேலே குளிரும் என்பதால் ஒரு ஹூடி எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் நமக்குப் பஞ்சமில்லை.

புத்தகம் ஒன்றுதான் என்றால், ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’. போனில் பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியை நம் பகுதிக்கான தொகுப்போடு வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உடுமலைக்கு அப்பால் வரும் ஒன்பதாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் சிக்னலை எதிர்பார்க்க முடியாது.

மழை மறைவுக் காடு

உடுமலையில் ஐந்தரைக்குக் கிளம்பினால் போதும். அமராவதி அணைப் பக்கம் இப்போது திரும்பாதீர்கள், வரும்போது பார்த்துக்கொள்ளலாம். ஒன்பதாறில் தமிழக வனத்துறைச் சோதனை, பிறகு ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் அமராவதிச் சரகம் வழியாகச் சாலை. இந்த வழியில் எங்கும் இறங்கக்கூடாது. யானை நடமாட்டம் உள்ள சாலை. பைக்கில் போக நினைக்கவே வேண்டாம். எல்லையில் சின்னாற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரள வனத்துறைச் சோதனைச் சாவடி. அங்கேதான் வழிகாட்டியோடு நடக்க அனுமதிச் சீட்டு. உடுமலையிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்.

சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் 1984-இல் அறிவிக்கப்பட்டது, 90 சதுர கிலோமீட்டர். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை ஆனைமுடியும் அதைச் சுற்றிய மலைகளும் மேற்கிலேயே வாங்கிவிடுகின்றன. மூணாற்றில் ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற மழை, அறுபது கிலோமீட்டர் இறங்கி வந்தால் சின்னாற்றில் ஐந்நூறு அளவுக்குச் சுருங்கிவிடும். அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் நமக்குப் பெய்யும் அதே வடகிழக்கு மழை. கேரளத்து வரைபடத்தில் இருந்தாலும் இந்தக் காடு குணத்தில் கொங்கு நாட்டுக் காடு. கள்ளி, வேலம், கிளுவை, பாறை.

இதனால்தான் அங்கே நேரம் செலவிடச் சொன்னேன். இந்தப் பாறைப் புதர்க்காட்டின் விசேஷப் பறவை மஞ்சள்தொண்டைச் சின்னான். தென்னிந்தியாவின் கற்குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை; அழியக்கூடியவை பட்டியலில் இருப்பது. குன்றுகளைக் கல்குவாரிகள் தின்றுவருவதால் அதற்கு வாழ இடம் குறைகிறது. ராஜமலைப் பறவைகளுக்குத் தேசியப் பூங்கா என்ற அரண் இருக்கிறது. கற்குன்றுக்கு அப்படி யாரும் காவல் நிற்பதில்லை. பார்ப்பவர் கண்ணில் அது வெறும் கல்.

இதை அடையாளம் காண்பதில் ஒரு சிக்கல் உண்டு. அதே புதரில் வெண்புருவச் சின்னானும் இருக்கும். திருப்பூர்ப் புறநகரின் முள்காட்டிலும் கிடைக்கும் சாதாரணப் பறவைதான் அது. இரண்டும் ஒரே அளவு, இரண்டுக்கும் கொண்டை கிடையாது, இரண்டுக்கும் வாலடியில் மஞ்சள். முகத்தைப் பாருங்கள். கண்ணுக்கு மேலே வெளுத்த கோடு இருந்தால் வெண்புருவம், அதை விட்டுவிடுங்கள். கோடே இல்லாமல் தொண்டை எலுமிச்சை மஞ்சளாகவும், வயிறு சாம்பலாகவும், வால் நுனி வெளிர் மஞ்சளாகவும் இருந்தால் நீங்கள் தேடி வந்தது அதுதான். உச்சிக்கிளையில் வந்து உட்கார்ந்து போஸ் கொடுக்கிற சுபாவம் அதற்கு இல்லை. புதரின் நடுவயிற்றில் இருந்துகொண்டு பழம் தின்னும். பாறை இடுக்கில் முளைத்த அத்தியும் உண்ணிச்செடிப் பழமும் பழுத்திருந்தால் அங்கேயே காத்திருங்கள்.

வழிகாட்டி எதற்கு

சின்னாற்றில் உங்களோடு வருபவர் பெரும்பாலும் முதுவர் அல்லது புலையர் குடியைச் சேர்ந்தவராக இருப்பார். தமிழ் பேசுவார், ஆகவே மொழிச் சிக்கல் இல்லை. பறவையின் ஆங்கிலப் பெயர்கள் அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதை வைத்து எடைபோடாதீர்கள். பெயரைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். எங்கே நிற்க வேண்டும், எப்போது பேச்சை நிறுத்த வேண்டும், எந்தத் தடத்தில் காலை வைக்கக் கூடாது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்னென்ன காட்டுவீங்க?" அதற்கு எந்த நல்ல வழிகாட்டியிடமும் பதில் இருக்காது. "இந்த வாரம் எந்தப் பக்கம் சத்தம் கேக்குதுங்ண்ணா?" என்று கேட்டுப்பாருங்கள். அந்தக் கேள்வியிலேயே அவர் உங்களை வேறு மாதிரி பார்க்க ஆரம்பிப்பார். காட்டில் பத்துப் பறவைகளில் ஏழெட்டைக் காதுதான் முதலில் கண்டுபிடிக்கிறது. காட்டுக்கோழி கொக்கரிப்பதைத் திசை வைத்துச் சொல்வார். குளிர்காலமாக இருந்தால், விடியலிலும் மாலையிலும் குரல் கொடுக்கும் ஆறுமணிக்குருவியை இலைச்சருகு மேல் தேடச் சொல்வார். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடுகட்டிவிட்டு, பனிக்காலத்தில் நம் பக்கம் வந்து சேரும் பறவை அது. வந்த களைப்பில் திருப்பூரில் வீட்டுத் தோட்டங்களில்கூட இறங்குவதுண்டு.

ஒரு காட்சியை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். ஆற்றோர நீர்மருத மரங்களுக்குக் கீழே அரை மணி நேரமாக ஒரு குரலும் இல்லை. குழுவில் ஒருவர் கடலைமிட்டாய் உறையைப் பிரிக்கிறார். வழிகாட்டி கையை மட்டும் உயர்த்துகிறார்: "அப்படியே நில்லுங்க சார், கூட்டம் வருது." முதலில் துடுப்புவால் கரிச்சான் ஒன்று, வாலின் இரண்டு நூலில் தொங்கும் சுருண்ட துடுப்புகளோடு நடுக்கிளைக்கு வருகிறது. பின்னால் மின்சிட்டுகள், ஆண் செம்மஞ்சளும் பெண் மஞ்சளுமாக. அடிமரத்தில் தலைகீழாக இறங்கும் பசைஎறும்பன். அதற்கும் கீழே ஈப்பிடிப்பான். ஒவ்வொன்றும் மரத்தின் ஒவ்வொரு மாடியில் பூச்சி பிடித்துக்கொண்டு, எல்லாம் சேர்ந்து ஒரே திசையில் நகரும். ஒன்று கிளப்பிவிடும் பூச்சி இன்னொன்றுக்கு இரை. ஒன்றின் எச்சரிக்கைக் குரல் எல்லாருக்கும் காவல். கரிச்சானே சில சமயம் பொய்யாக அபாயக் குரல் கொடுத்து, மற்றவை பதறியோடும்போது விட்டுப்போன இரையைத் தட்டிக்கொண்டு போகும். சில நிமிடங்களில் எல்லாம் கடந்துபோய்விடும். அந்தச் சமயத்தில் நடந்துகொண்டிருந்தால் பாதியைத் தவறவிட்டிருப்பீர்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலி முக்கியமாக இப்படி நிறுத்திவைப்பதற்குத்தான்.

பறவை இருக்குமிடத்தைச் சுட்டிக்காட்ட விரலை நீட்டினால் யாருக்கும் புரியாது, பறவைக்கு மட்டும் புரியும். மரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு "ரெண்டு மணி, உள் கிளை" என்று சொல்லப் பழகுங்கள். கிளம்புமுன்பே குழு மொத்தமும் இதைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கம் இப்போது பெருகிவிட்டது. செய்யாதீர்கள், வழிகாட்டியையும் செய்யச் சொல்லாதீர்கள். தன் எல்லைக்குள் அந்நியன் வந்துவிட்டான் என்று நினைத்துத்தான் அந்தப் பறவை ஓடி வருகிறது. குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தை இல்லாத எதிரியைத் துரத்துவதில் கழிக்கும். நாம் ஒரு படத்தோடு போய்விடுவோம். அடுத்த வேன் வந்து அதே குரலைத் திரும்பவும் போடும். இதை மறுக்கிற வழிகாட்டி கிடைத்தால் அவர் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

யானை விஷயத்தில் அவர் சொல் இறுதியானது. ஈரம் காயாத சாணமோ புதிதாக ஒடிந்த கிளையோ கண்டு "திரும்பிடலாம்" என்றால் திரும்பிவிட வேண்டும். கட்டணம் கட்டியிருக்கிறோமே என்ற வாதம் காட்டில் எடுபடாது.

பத்தரை மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும், பறவைகளும் ஓய்ந்துவிடும். அப்போது ஆற்றோரத்தில் உட்கார்ந்து சாம்பல்நிற மலை அணிலைத் தேடலாம். சின்னாறு அதற்கும் பெயர்பெற்ற இடம். பாம்பாறும் சின்னாறும் கூடி அமராவதியாகி, கரூருக்கு அருகே காவிரியில் கலக்கிறது. உடுமலை, தாராபுரம் வயல்களுக்குப் பாயும் தண்ணீர் கிளம்பும் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மதியத்துக்கு மறையூர். 1933-இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தபோது முகாமிட்ட ஊர்களில் இதுவும் ஒன்று. சந்தனக்காடு, வெல்லம், பாறை மீது பெருங்கற்கால முனியறைகள். இரவுக்கு இங்கேயே தங்கலாம். மூணாறு விடுதிகளைவிடச் சிக்கனம், இரைச்சலும் குறைவு.

மேலே

திங்கள் அதிகாலை மறையூரிலிருந்து தேயிலைத் தோட்டங்கள் வழியாக ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் ஏற்றம். இரவிகுளம் தேசியப் பூங்காவில் பொதுமக்களுக்குத் திறந்த பகுதிதான் ராஜமலை. முன்பதிவு செய்துகொண்டு முதல் வனத்துறைப் பேருந்தில் ஏறிவிடுங்கள். வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள். தேதியைப் பார்க்காமல் கிளம்பி, வாசலோடு திரும்பும் வண்டிகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

கூட்டம் முழுக்க வரையாட்டோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் சாலையோரத்துப் புதர்களைப் பாருங்கள். பழனி சிரிப்பான் அங்கேதான் குதித்துத் திரியும்: சாம்பல் மார்பு, செம்மண் வயிறு, கண்ணுக்கு மேல் வெண்கோடு. சத்தத்தை வைத்தே பெயர் வந்திருக்கும் என்று தெரிந்துவிடும். புல்வெளியில் நீலகிரி நெட்டைக்காலி. சோலையின் விளிம்பில் கருப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பான், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள்ளேயே. இருட்டான அடிக்காட்டில் வயிறு வெளுத்த, நீலநிறச் சோலைப்பறவை ஒன்று. அதைப் பார்ப்பது கொஞ்சம் அதிர்ஷ்டம்.

நம் மாவட்டத்துக்காரருக்கு இங்கே ஒரு கூடுதல் சுவாரஸ்யம் உண்டு. ஆடி மாதம் பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டருக்கும் அதிகமான அகலத்தில் விழுந்த இடைவெளி அது. மலையுச்சிச் சோலையை விட்டு இறங்காத பறவைகளுக்கு அந்தத் தாழ்ந்த சூடான வெளி, கடக்க முடியாத கடல். கணவாய்க்கு வடக்கே ஊட்டிப் பக்கம் இருப்பது நீலகிரி சிரிப்பான். தெற்கே இங்கே இருப்பது பழனி சிரிப்பான். அந்த நீலச் சோலைப்பறவையும் அப்படித்தான், வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. நீண்ட காலம் பிரிந்தே வாழ்ந்து தனித்தனி இனங்களாகிவிட்டன. இவை இமயமலையின் சிரிப்பான்களுக்கு நெருங்கிய சொந்தமல்ல, இந்த மலைகளிலேயே கிளைத்தவை என்று மரபணு ஆய்வில் கண்டு, 2017-இல் இவற்றுக்கென்றே மோண்டிசிங்க்லா, ஷோலிகோலா என்று இரண்டு புதிய பேரினங்களை நிறுவினார்கள். ஊட்டி போய் வந்தவர் ராஜமலையில் "அதே குருவிதானே" என்று நினைத்தால், இல்லை என்பது பதில்.

ஆனைமுடி 2,695 மீட்டர். அதில் ஏற விடமாட்டார்கள். மதியத்துக்குள் இறங்கிவிட்டால் வெளிச்சம் இருக்கும்போதே காட்டைக் கடந்து, அமராவதி அணையில் ஒரு மணி நேரம் நிற்கலாம். 1957-இல் கட்டிய அணை. பக்கத்தில் முதலைப் பண்ணை. பிள்ளைகள் உடன் வந்தால் பயணம் முழுவதிலும் அவர்களுக்கு அதிகம் பிடித்தது அதுவாகத்தான் இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எந்த மாதம்

கார்த்திகை கடைசியிலிருந்து தை பாதிவரை சிறந்தது. தீபாவளி லீவு நீளமானது என்றாலும் மழை குறுக்கிடும். பொங்கல் லீவில் மில்கள் மூடி ஊரே காலியாகிக் கிடக்கும். அந்த நாட்களில் தமிழகம் முழுக்க ஆர்வலர்கள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் நடத்துகிறார்கள். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் நீங்களும் சேர்ந்தவர்தான். மலைக்குப் போக முடியாத வருடம் நஞ்சராயன் குளத்திலிருந்தே ஏற்றலாம்.

இருவாச்சிதான் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இந்தப் பாதை ஆகாது. அவர்கள் பொள்ளாச்சி வழியாக டாப்சிலிப்புக்கோ, ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்கோ போகட்டும். தென்மேற்கு மழை தொடங்கிய பின் அங்கே போனால் அட்டைக்கடிக்குத் தயாராக வேண்டும். பின்னலாடை ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான்: பின்னல் சாக்ஸ் அட்டையைத் தடுக்காது. கண்ணிகளை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த காடாத்துணியில் முழங்கால் உயரத்துக்குப் பை போலத் தைத்து, பேண்ட்டுக்கு மேலே இழுத்து, நாடாவால் கட்டிக்கொள்ள வேண்டும். தறித்துணியை சோமனூரில் வாங்கி, தெரிந்த டெய்லரிடம் கொடுத்தால் ஒரு ஜோடி அரை மணி நேர வேலை. தையல் வெளிப்பக்கம் வரட்டும், இல்லாவிட்டால் நடக்க நடக்கக் காலை அறுக்கும்.